வைர ஊசி என்று தேடியவர்

தி.நகர் வடக்கு உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைப் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். மூன்று மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை, கீழேயிருந்து விடாமல் வரும் சுத்தியல் சத்தம். இணையத்தில் கடை போட்டவர்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவது அங்கே இருப்பவருடைய வேலை. அதற்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். 2007-இல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். தெருவில் அவரை ‘எஸ்.இ.ஓ. சார்’ என்றால்தான் தெரியும்.

“அண்ணா, என் கடைப் பேரையே அடிச்சுத் தேடினாலும் வர மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார் ஓர் இளம்பெண். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே காஞ்சிபுரம் பட்டு விற்பவர். மாமியாரின் பிறந்த வீடு காஞ்சிபுரத்தில் தறிக்காரர் குடும்பம். அந்த உறவை நம்பி, நகையை அடகு வைத்துத் தொடங்கிய வியாபாரம். தளம் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எஸ்.இ.ஓ. சார் அந்தத் தளத்தின் வேர்ட்பிரஸ் அமைப்புகளுக்குள் போய் ‘ரீடிங்’ என்ற பக்கத்தைத் திறந்தார். இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம் அங்கே உண்டு. அதில் டிக் போட்டிருந்தது. வேலை முடியும்வரை அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாதென்று தளம் கட்டியவர்கள் போட்டது. ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிட்டார்கள். மூன்று மாதமாக விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, ஷட்டரை மட்டும் இறக்கியே வைத்திருந்த கடை அது. டிக்கை எடுக்க ஒரு நொடி ஆனது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இதே டிக்கை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று மாத வாடகையும் வட்டியும் அவர் மனதில் ஓடும்.

ஷட்டரைத் தூக்கினால் கூட்டம் வந்துவிடுமா? அடுத்த வாரமே அந்தப் பெண் மறுபடி போன் செய்தார். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, அவருடைய பக்கங்களில் பெரும்பாலானவற்றை இரண்டு தலைப்புகளின் கீழ் போட்டிருந்தது. முதலாவது: கண்டறியப்பட்டது, பட்டியலில் இன்னும் இல்லை. இரண்டாவது: வந்து படிக்கப்பட்டது, பட்டியலில் இன்னும் இல்லை. புதிதாக வருகிற எல்லாரும் இதைத் தளத்தின் கோளாறு என்று நினைத்து, தளம் கட்டியவருக்கு மறுபடி பணம் கொடுக்கப் போவார்கள். முதல் தலைப்புக்கு அர்த்தம், கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை என்பது. புதுத் தளத்துக்கு அது இயல்பு. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. வந்தது, படித்தது, எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது.

ஏன் ஒன்றும் இல்லை? அவர் ஒரு புடவைப் பக்கத்தின் விவரணையிலிருந்து ஒரு வரியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிக் காட்டினார். அதே வரி, எழுத்துப்பிழை உட்பட, வேறு பல கடைகளில் இருந்தது. மொத்த வியாபாரியின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வரும் நாலு வரியை எல்லாரும் அப்படியே ஒட்டியிருந்தார்கள். ஒரே எழுத்து பல இடத்தில் இருந்தால் தேடுபொறி அவற்றில் ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கும். எடுத்துக்கொள்ளப்படுவது நேற்று வந்த கடையாக இருப்பது அபூர்வம்.

இந்த இடத்தில் அவர் தன் பழைய கதையைச் சொல்லுவார். எந்தப் புதுத் தொழில்முனைவோருக்கும் அதைச் சொல்லாமல் அவர் வேலையை ஏற்பதில்லை.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் எஸ்.இ.ஓ. என்றால் லிங்க்தான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது கண்டுபிடித்த பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பது சிபாரிசு. பெரிய இடத்துச் சிபாரிசுக்கு எடை அதிகம். சிபாரிசுக்கு மதிப்பு வந்தால் சிபாரிசு விற்பனைக்கும் வரும். டைரக்டரி சப்மிஷன், புக்மார்க்கிங், ஃபோரம் போஸ்டிங் என்று மாதம் இத்தனை லிங்க், இத்தனை ரூபாய் என்ற கணக்கில் சென்னையில் எத்தனையோ அறைகளில் இரவு பகலாக வேலை நடந்தது. அவரும் அதைத்தான் செய்தார். பலன் கண்ணுக்கு எதிரே தெரிந்ததால் தவறென்றே தோன்றவில்லை.

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து வந்த இணைப்புகளால் உடை முதல் படுக்கை விரிப்பு வரை பல தேடல்களில் முதலிடத்தில் நின்றதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் அதைக் கீழே இறக்கியது. அதே மாதம் பாண்டா என்ற மாற்றம் வந்து, உள்ளீடற்ற எழுத்துகளைத் தாழ்த்தியது. அவர் வட்டாரத்தில் யாரும் அதைத் தங்களுக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஏப்ரல் 24-இல் பென்குயின் வந்தது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்த மாற்றம். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் சில நாட்களில் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். அவர்களில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர் ஒருவர். முகூர்த்த மாதம். ஒரு நாளைக்குப் பத்து போன் வந்த இடத்தில் போன் மணி அடிக்கவே இல்லை.

அவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். என்ன செய்தேன், ஏன் இப்படி ஆனது என்று சொன்னார். சிலர் அன்றே விலகினார்கள். மற்றவர்களுக்காக, போட்ட லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அந்தத் தளக்காரர்களுக்கு எழுதி எடுக்கச் சொன்னார். அந்த அக்டோபரில், வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடமே சொல்லும் கருவி வந்தபோது மீதியை அதில் போட்டார். மேடை அலங்காரக்காரர் பழைய இடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. வேறு பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த லிங்க்குகளின் பட்டியல் இன்றும் அவர் மேசை இழுப்பறையில் அச்சிட்ட தாளாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவார்.

ஏனென்றால் அந்தச் சந்தை இன்னும் மூடவில்லை. டொமைன் பதிவு செய்த வாரத்திலேயே போன் வரும். “முதல் பக்கம் கேரன்டி மேடம், முப்பது நாள்.” முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதிவைத்திருக்கிறது. நேர்மையாகச் செய்தால் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும் என்பதும் கூகுள் சொன்ன கணக்குதான். தொழில் தெரிந்தவனுக்கு அது நியாயமான கால அளவு. மாதாமாதம் அடகு வட்டி கட்டுகிறவருக்கு அது பெரிய மலை. புதியவர்களின் முதன்மையான கஷ்டம் தொழில்நுட்பம் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் பார்த்தவரை அது காலம். காத்திருக்கக் கையில் பணம் இல்லாதவர்தான் ‘முப்பது நாள்’ போனுக்குச் சரி என்று சொல்லுகிறார். அதனால் முதல் சந்திப்பிலேயே அவர் கேட்கும் கேள்வி, அடுத்த எட்டு மாதம் வீட்டுச் செலவு எதில் ஓடும் என்பது. இன்ஸ்டாகிராமோ, அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுவோ, உறவுக்காரர் கல்யாணமோ அதைத் தாங்கட்டும். தேடுபொறி பின்னால் வரட்டும் என்பார். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. தளம் கட்டியவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தால், மனஸ்தாபம் வரும் நாளில் கடையே கைவிட்டுப் போகும்.

பெயர் விஷயத்துக்கு வரும்போது அவர் சென்னையின் ஒரு பெரிய வழக்கை எடுப்பார். முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபோது, 1997-இல் தமிழர்களுக்காக நடத்திய தளத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கியதுதான் பின்னாளில் பாரத் மேட்ரிமோனி ஆனது. இன்று எம்.ஆர்.சி. நகரில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனம். ‘தமிழ் மேட்ரிமோனி’ போன்ற தங்கள் வணிகக் குறிகளை யாராவது தேடினால் போட்டியாளர்களின் விளம்பரமும் வருகிறது என்று அவர்கள் கூகுள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். அவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதில் முக்கியமான காரணம்.

நிறுவனம் அதோடு விடவில்லை. இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியாகப் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சில இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருந்தது, விமானப் பயணத் தேடலில் தன் பெட்டியை முன்னிறுத்தியது ஆகியவை ஆணையம் கண்ட குற்றங்களில் சேரும். விளம்பரச் சொற்கள் பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது.

இந்த வழக்கை அவர் சொல்லுவது கூகுளைத் திட்டுவதற்காக இல்லை. வரிசையை வைத்திருப்பவன் எப்போதும் நடுநிலையானவன் என்று நம்பிவிடக் கூடாது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஆணையத்திடமிருந்து ஒரு பதில் கிடைக்க ஆறு வருடம் ஆனதென்றால், மேற்கு மாம்பலத்து மாடி வீட்டுக்காரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? ஆகவே எல்லாரும் புழங்கும் சொல்லைக் கடைப் பெயராக வைக்காதீர்கள் என்கிறார். அந்தப் பெண்ணின் கடைக்கு அம்மன் பெயரோடு ‘சில்க்ஸ்’ சேர்த்திருந்தது. காஞ்சிபுரம் காந்தி சாலையில் நடந்தாலே அதே பெயர் கண்ணில் படும். டிக்கை எடுத்த பிறகும் பெயரை அடித்தால் வராததற்கு அது பாதிக் காரணம். அம்மனை விட மனமில்லாமல், மாமியாரின் ஊர்த் தெருப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரத்தில் பெயர்த் தேடலில் முதலில் வந்தது.

அடுத்து ‘சில்க் சாரி’ என்ற சொல். அதைத் தேடினால் விளம்பரங்கள், அமேசான், மிந்த்ரா, பிறகு 1928-இல் தொடங்கிய நல்லி, போத்தீஸ், ஆர்.எம்.கே.வி. என்று வரிசை நிற்கிறது. பனகல் பூங்கா எதிரே நாலு மாடிக் கடைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்காருகிற காரியம். ரங்கநாதன் தெரு நடைபாதையில் கடை போடுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. பெரிய கடையில் புடவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்புகிற கூட்டத்துக்கு ஃபால்ஸ், ஊக்கு, ரவிக்கைத் துணி விற்கிறார்கள். தேடலிலும் அந்த மாதிரி இடம் உண்டு. பெரிய கடைகள் எழுதாத சொல்லில் இருக்கிறது அது.

“உங்க மாமியார் புடவையப் பத்திப் பேசும்போது என்னென்ன வார்த்தை சொல்லுவாங்க மேடம்?” என்று அவர் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அடுத்த சந்திப்புக்கு மாமியாரே வந்தார். தயக்கத்தோடு ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். கோர்வை என்றால் உடலும் கரையும் தனித்தனி நூலில் ஓடி ஒவ்வொரு ஊடைக்கும் கோக்கப்படுவது, அதற்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். மயில்கண், ருத்ராட்சம், வாழைப்பூ, வைர ஊசி. அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும் என்பது. வெள்ளைப் பலகை நிறைந்துவிட்டது. தளத்தில் அதுவரை இருந்தது ‘பெண்களுக்கான நேர்த்தியான டிசைனர் பட்டு’ என்ற ஒரே வரி, எல்லாப் புடவைக்கும்.

இந்தக் காட்சியை அவர் பலமுறை கண்டிருக்கிறார். வியாபாரம் அறிந்தவர் வீட்டில் இருப்பார்; தளத்தில் எழுதுகிறவர் வேறு யாரோ. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டுதலில் நிபுணத்துவம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு நேரடி அனுபவத்தையும் சேர்த்தது. அந்த ஆவணத்தைப் படித்தபோது அவருக்கு நினைவு வந்தது, இதைப் போல மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிய மாமியார்களும் அப்பாக்களும்தான்.

சொல் கிடைத்தாலும் எழுத்துக்கூட்டல் என்று ஒரு தொல்லை உண்டு. தமிழர்கள் பல தேடல்களைத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் செய்கிறார்கள். பட்டுக்கு ஒரு ‘டி’யா இரண்டா, ஜரிகைக்கு ‘ஜே’யா ‘இசட்’டா, புடவையா பொடவையா என்று ஆளுக்கொரு விதம். தியாகராய நகரையே எத்தனை விதமாக எழுதுகிறோம்! எல்லா வடிவத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் அது வாசிக்கிறவரை அவமதிப்பது, தேடுபொறியும் தண்டிக்கும். எது அதிகம் அடிக்கப்படுகிறதோ அதைத் தலைப்பில் வைத்து, மற்றதைப் பேச்சோடு பேச்சாக உள்ளே ஓரிடத்தில் வரவிடுவது அவர் வழி. தமிழ் எழுத்திலும் ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும் என்பார். 2017-இல் கூகுள் குரல்வழித் தேடலில் தமிழைச் சேர்த்த பிறகு, தட்டச்சு பழகாதவர்கள் முழுக் கேள்வியாகவே கேட்கிறார்கள்: பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை போக என்ன செய்வது? அதற்குத் தமிழில் ஒழுங்கான பதில் எழுதியவர்கள் குறைவு. அவர் தொழிலைத் தொடங்கிய காலத்தில் தமிழில் எழுதுவதும் எளிதாக இல்லை. தி.நகர்ப் பதிப்பகக்காரர் ஒருவரின் புத்தகப் பட்டியல், தனி எழுத்துருவில் இருந்ததால், திரையில் தமிழாகவும் தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகவும் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்ற இரண்டு பேர் ஒரு மாதம் உட்கார்ந்தார்கள்.

தறிப் புடவைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒற்றை. விற்றதும் பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் மெல்ல மெல்லச் சேர்த்த மதிப்பும் அதோடு போகிறது. விற்ற புடவையின் பக்கத்தை அதன் வகைப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம், அல்லது ‘விற்றுவிட்டது, இதே வகை இங்கே’ என்று வைத்திருக்கலாம். முயற்சியெல்லாம் ‘வைர ஊசி’, ‘கோர்வை’ போன்ற வகைப் பக்கங்களில்தான் இருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிப் பக்கமும் அப்படித்தான்: வருடத்தை முகவரியில் போட்டு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்காமல், ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளே மாற்ற வேண்டும். அதையும் சித்திரையிலேயே தொடங்க வேண்டும். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்குவது, விலையைப் படத்துக்குள் எழுதாமல் எழுத்தாகப் போடுவது எல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

கூகுள் வரைபடம் தனிக் கதை. பக்கத்தில் என்ன கடை என்ற தேடலுக்குப் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தொலைவு கையில் இல்லாதது. அதனால் வீட்டிலிருந்து விற்கும் சிலர், பாண்டி பஜாரில் நண்பர் கடை முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். சரிபார்க்கக் கூகுள் கடைப் பலகையோடு வீடியோ கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வரைபடப் பட்டியல் முடக்கப்பட்டால், அதுவரை உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டும் சேர்ந்து மறையும். நேரில் ஆளைச் சந்திக்காத, இணையத்தில் மட்டும் விற்கும் கடைக்கு அந்தப் பட்டியலே கிடையாது என்பது விதி. மேற்கு மாம்பலத்துப் பெண், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் வீட்டிலேயே புடவை காட்டுகிறார். அந்த நேரத்தைக் குறிப்பிட்டு, உண்மை முகவரியோடு பதிந்தார். 2023 மே மாதம் தி.நகரில் திறந்த ஆகாய நடைமேம்பாலத்தில் மாம்பலம் ஸ்டேஷன்வரை வந்துவிடலாம், அங்கிருந்து மேற்குப் பக்கம் எப்படி நடப்பது என்று வழி எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர்கள் உண்டு.

இந்த இரண்டு வருடமாக அவரைத் தூங்கவிடாத விஷயம் வேறு. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஏஐ ஓவர்வியூ, கேள்விக்கான பதிலை மேலேயே கொடுத்துவிடுகிறது. பதிலுக்குச் சரக்குக் கொடுத்த சின்னத் தளத்துக்கு ஆள் வருவதில்லை. இதற்குத் தன்னிடம் முழு விடை இருப்பதாக அவர் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், ஒரே இரவில் நூறு கட்டுரை எழுதித் தரும் இயந்திரத்தை நம்பி வருகிறவர்கள். 2024 மார்ச்சில் கூகுள் அப்படிக் குவியலாகக் கொட்டுவதை ஸ்பேம் என்று விதியாகவே எழுதிவிட்டது. அவர்களிடம் பேசும்போது அவர் இழுப்பறையைத் திறந்து 2012-இன் தாளை எடுக்கிறார்.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெண் சர்ச் கன்சோலின் தேடல் சொற்பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினார். பட்டியலின் நடுவில், தமிழ் எழுத்தில், ‘வைர ஊசி பட்டு’. நாடு கனடா. ஒரே ஒரு கிளிக். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பாட்டியிடம் இருந்த புடவை, கடுகு நிறத்தில் வைர ஊசி, அரக்குக் கரை. அதே மாதிரி கிடைக்குமா?

தளத்தில் இருந்தது பச்சையில் ஒன்று மட்டும். மாமியார் செய்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

“இந்தப் பாவுல இன்னும் ஒரு பொடவை பாக்கி இருக்குக்கா. அது இறங்கினதும் கடுகு ஏத்தறேன். கரை எந்த அரக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”